சிறுநீரகம் எதைக் காக்கிறது?

கடலில் வாழும் வாவல் மீன் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கிறது. குளத்தில் வளரும் ரோகு மீன் அநேகமாகக் குடிப்பதே இல்லை. ஆனால் நாள் முழுவதும் சிறுநீர் கழிக்கிறது. மும்பையின் செம்பூர் மீன் மார்க்கெட்டில் இரண்டும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். வாங்குகிறவர்களுக்கு முள்ளிலும் ருசியிலும் விலையிலும்தான் வித்தியாசம். உயிரோடு இருந்தபோது அவை நேர் எதிரான இரண்டு ஆபத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. வாவலுக்கு உடல் வற்றிப்போகும் ஆபத்து. ரோகுவுக்கு உடலில் தண்ணீர் ஏறி வீங்கிப்போகும் ஆபத்து.

மாலை வகுப்பில் இதைச் சொன்னதும், தாராவியிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மீனுக்கு எதற்கு டீச்சர் தாகம்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டால் மீனில் தொடங்கி மனிதர் வரை போய்த்தான் நிற்க வேண்டும். சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். அந்த வரி தவறில்லை. ஆனால் பெரிய விஷயத்தை விட்டுவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் நீரின் பக்குவம், அதாவது அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர், எவ்வளவு அமிலம் என்ற கணக்கு, குலையாமல் காப்பதுதான் சிறுநீரகத்தின் தலையாய வேலை. கழிவு அகற்றுவது அந்த வேலையின் ஒரு பகுதி.

முதலில் மீனின் தாகத்தைப் பார்த்துவிடுவோம். மாங்காயைத் துண்டு போட்டு, உப்பைப் பிசறி, ஜாடியில் மூடி வைத்தால் மறுநாள் காலையில் ஜாடியின் அடியில் நீர் நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. துண்டுகளுக்குள் இருந்த நீர்தான் வெளியே வந்திருக்கிறது. உயிரணுக்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரை எளிதாக விடும்; உப்பை அவ்வளவு எளிதாக விடாது. அதனால் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். மாங்காயில் நடப்பது மீனிலும் நடக்கிறது. கடல் நீரில் ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு. வாவலின் இரத்தத்தில் உள்ள கரைபொருள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். ஆகவே அதன் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் கடலுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. இழந்ததை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே வரும் மிகுதி உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீர் மிகக் கொஞ்சமாகத்தான் போகும்.

ரோகுவுக்கு எல்லாம் தலைகீழ். குளத்து நீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். போகிற நீரோடு உப்பு நழுவிவிடாதபடி சிறுநீரகம் அதை மீட்டுக்கொள்கிறது. அப்படியும் தப்பிப்போகும் கொஞ்ச உப்பைச் செவுள் குளத்து நீரிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. இரண்டு மீன்களின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. வெளியே இருப்பது கடலானாலும் குளமானாலும் உள்ளே இருக்கும் நீர் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஒற்றுமைதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

மனிதர்களிடமும் அந்த உள்நீர் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள். மீதி செல்களுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுக்களின் இடுக்குகளிலும். செல்கள் அந்த வெளிநீரில்தான் மூழ்கி வாழ்கின்றன. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலை அடுத்த முறை பார்த்தால் அதன் மீது 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. செல்கள் சுருங்காமலும் வீங்காமலும் இருக்கும் அளவு அது. அந்த பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்து அது நேராக இரத்தத்தில் ஏறினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார், உடலுக்குள் இருக்கும் இந்தச் சூழல் மாறாமல் நிலைத்திருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு நிபந்தனை என்று கண்டார். இந்த நிலைத்தன்மைக்கு அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1926-இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தார்.

பள்ளிப் படம் பார்த்துச் சிறுநீரகத்தைப் புரிந்துகொள்வது கடினம். கறிக்கடைக்குப் போய் ஆட்டுக் குண்டிக்காய் ஒன்று வாங்குங்கள். மும்பையில் குர்தா என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளைக் கொழுப்பு சுற்றியிருக்கும். அதை உரித்துவிட்டால் வழவழப்பான, கருஞ்சிவப்பான, அவரை விதை வடிவ உறுப்பு கையில் கிடைக்கும். கூரான கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளிப்பக்கம் ஓர் அடர்ந்த பழுப்புப் பட்டை தெரியும், அது புறணி. அதற்கு உள்ளே நிறம் மாறி, நடுவை நோக்கி ஓடும் நுண்ணிய கோடுகளோடு ஒரு பகுதி, அது அகணி. நடுவில் வெண்மையான ஒரு குழிவு, அங்கிருந்து கிளம்பும் குழாய். சிறுநீர் அந்த வழியாகத்தான் பைக்குப் போகிறது. அகணியில் தெரியும் கோடுகளை நன்றாகப் பாருங்கள். அவை ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் உண்டான வரிகள். சிறுநீரைக் கெட்டியாக்கும் வித்தை முழுவதும் அந்த வரிகளில்தான் நடக்கிறது.

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், அவற்றுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரான் என்பது ஒரு நுண்குழல். அதன் தலைப்பகுதி கிண்ண வடிவில் இருக்கும். கிண்ணத்துக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று உண்டு. அதைக் கிளாமருலஸ் என்கிறோம். இத்தாலியின் மார்செல்லோ மல்பீஜி 1666-இல் இந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். ஆங்கிலேயரான வில்லியம் போமன் 1842-இல் முடிச்சும் குழலும் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டினார். இன்றும் அந்தக் கிண்ணம் போமன் கிண்ணம் என்றே வழங்குகிறது.

இனி வேலையைப் பார்ப்போம். இரத்த அழுத்தத்தின் விசையால் கிளாமருலஸில் இரத்தம் வடிகிறது. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிவிடும். மற்ற எல்லாம், நல்லது கெட்டது என்ற பேதம் இல்லாமல், குழலுக்குள் வந்துவிடும்: தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்கள், யூரியா, நேற்று விழுங்கிய மாத்திரையின் மிச்சம். இப்படி ஒரு நாளைக்கு வடிவது 180 லிட்டர். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அந்த 3 லிட்டரும் ஒரே நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. இந்த 180 லிட்டரோடு குழலுக்குள் இறங்கும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாம் கழிப்பதோ ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீரும் சில கிராம் உப்பும் மட்டுமே. மற்றவை அத்தனையும் குழலின் சுவர் வழியாகத் திரும்ப இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

போகிக்கு முதல் நாள் பரணில் இருக்கும் சாமான்கள் முழுவதையும் கீழே இறக்கிப் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப ஏற்றுவார்களே, அந்த முறைதான் இது. பரணிலேயே உட்கார்ந்து வேண்டாததைத் தேடித் தேடி எடுத்தால் ஏதாவது விட்டுப்போகும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் வேண்டியது எது என்று மட்டும் தெரிந்தால் போதும். சிறுநீரகத்தின் மேதைமை இங்கேதான் இருக்கிறது என்பேன். வேண்டாத பொருள் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அதற்குத் தேவையில்லை. சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாக உருவான மருந்தை எந்த விலங்கின் உடலும் இதற்கு முன் கண்டதில்லை. இருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்ளும் பட்டியலில் அது இல்லாததால் பெரும்பாலும் வெளியே போய்விடுகிறது. பென்சிலின் போன்ற சிலவற்றைக் குழலின் செல்கள் முனைந்து வெளியே தள்ளவும் செய்கின்றன.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. 180 லிட்டரில் 99 சதவீதம் திரும்பினால் சிறுநீர் 1.8 லிட்டர். திரும்புவது 98 சதவீதமாகக் குறைந்தால் 3.6 லிட்டர். மீட்பில் ஒரு சதவீத மாற்றம் சிறுநீரை இரண்டு மடங்காக்கிவிடுகிறது. கைப்பிடியைச் சற்றே திருப்பினால் போதும். உடலின் நீர்க்கணக்கு உடனே சரிப்படும்.

மீட்பின் பெரும்பகுதி நுண்குழலின் முதல் சுருளிலேயே முடிந்துவிடும். தண்ணீரிலும் உப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அநேகமாக முழுவதும் அங்கேயே திரும்பிவிடுகின்றன. சர்க்கரையைத் தூக்கிச் செல்லும் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் அவற்றால் முழுவதையும் மீட்க முடியாது. மிஞ்சிய சர்க்கரை குழலில் தங்கித் தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், தாகத்தில் தவிப்பதும் இதனால்தான்.

அடுத்து வருவது ஹென்லே வளைவு. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹென்லே 1862-இல் இதை விவரித்தார். குழல் புறணியிலிருந்து அகணிக்குள் நேராக இறங்கி, கொண்டையூசி வளைவாகத் திரும்பி, மேலே ஏறுகிறது. ஆட்டுக் குண்டிக்காயில் பார்த்த கோடுகளில் பல இவைதான். இறங்கும் கை தண்ணீரை வெளியே விடும். ஏறும் கையின் சுவர் தண்ணீரை விடாது. ஆனால் உப்பை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஏறும் கை இறைத்த உப்பு இறங்கும் கையிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அதனால் அங்கே இருக்கும் திரவம் கெட்டியாகிறது. கெட்டியான திரவம் வளைவைத் தாண்டி ஏறும் கைக்கு வந்ததும் இறைக்க இன்னும் அதிக உப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, அகணியின் ஆழத்தில் உள்ள நீர் இரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவாகிவிடுகிறது. யூரியாவும் அங்கே தங்கி அந்தச் செறிவுக்குக் கைகொடுக்கிறது. இதயக் கோளாறால் கால் வீங்கியவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் லாசிக்ஸ் மாத்திரை ஏறும் கையின் இந்த இறைப்பைத்தான் தடுக்கிறது. உப்பு குழலிலேயே தங்கும், அதோடு தண்ணீரும் போகும், வீக்கம் வடியும்.

உப்பு இறைப்பதற்கு ஆற்றல் வேண்டும். எடையில் இவ்வளவு சிறிய உறுப்பு ஓய்வில் இருக்கும் உடலின் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி சோடியத்தைத் திரும்ப ஏற்றுவதற்கே ஆகிறது.

கடைசியில் சேகரிப்பு நாளம். பல நெஃப்ரான்களின் திரவம் இதில் கூடி, அகணியின் செறிவு மிகுந்த பகுதிக்குள் இறங்கிப் போகிறது. இந்த நாளத்தின் சுவர் தண்ணீரை விடுமா, விடாதா என்பதில்தான் அன்றைய சிறுநீரின் தன்மை இருக்கிறது. விட்டால் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு இரத்தத்தில் சேரும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும். விடாவிட்டால் தண்ணீர் நேராகப் பைக்குப் போகும். சிறுநீர் நிறமற்று இருக்கும். அந்த முடிவை எடுப்பது மூளை. ஹைபோதலாமஸில் இருக்கும் உணர்விகள் இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் மாறினாலே கண்டுகொள்ளும். செறிவு கூடினால் தாகம் எடுக்கும்; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரகத்தை அடைந்ததும் நாளத்தின் செல்களுக்குள் காத்திருக்கும் நீர்வழிப் புரதங்கள் சுவருக்கு வந்து பொருந்தும். அக்வாபோரின் எனப்படும் இந்தப் புரத வகையைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஹார்மோன் சுரக்காமல் போகிற அரிய நோய் ஒன்று உண்டு. அது வந்தவர்கள் நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் கழிப்பார்கள்.

தண்ணீருக்கு ஒரு ஹார்மோன் என்றால் உப்புக்கு இன்னொன்று. இரத்த அழுத்தம் குறைந்தாலோ உப்பு குறைந்தாலோ சிறுநீரகமே ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின் உருவாகி இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அது அட்ரீனல் சுரப்பியையும் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை மீட்டு, பொட்டாசியத்தை வெளியே அனுப்பும். நம் வீடுகளில் இரத்தக் கொதிப்புக்குப் பலர் விழுங்கும் டெல்மிசார்டான் இந்தச் சங்கிலியில் ஆஞ்சியோடென்சினின் கட்டளை எட்டாமல் தடுக்கும் மருந்து. எதிர்ப்பக்கத்தில், இரத்தம் மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரிந்தால் இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும்.

உப்பும் நீரும் பிரிக்க முடியாதவை என்பதை நாமே பார்த்திருக்கிறோம். மதியம் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டால் மாலை வரை தாகம். குடித்த தண்ணீர் அந்த உப்போடு உடலில் தங்கும். மறுநாள் காலையில் மோதிரம் சற்று இறுகும். ஓரிரு நாட்களில் சிறுநீரகம் அந்த மிகுதியை வெளியேற்றிவிடும். தினமும் மிகுதியாக வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுமை இரத்த அழுத்தத்தில் தெரியும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதே இல்லை. அவர்கள் சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்டக் கிடையாது. சிறுநீரகம் நினைத்தால் உப்பை எவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அவர்களே சாட்சி.

திரும்ப மீன் பலகைக்கு வருவோம், சுறாவுக்காக. கடலின் உப்பை வாவல் சமாளிக்கும் வழி வேறு, சுறா சமாளிக்கும் வழி வேறு. மற்ற விலங்குகள் கழிவென்று தள்ளும் யூரியாவைச் சுறா தன் உடலில் சேர்த்து வைக்கிறது. அதன் சிறுநீரகம் யூரியாவை வெளியே விடாமல் மீட்டுக்கொள்கிறது. இரத்தத்தில் யூரியா இரண்டு சதவீதம் அளவுக்கு இருக்கும். நமக்கு அதில் சிறு பகுதி ஏறினாலே உயிருக்கு ஆபத்து. இப்படிச் சேர்த்ததால் சுறாவின் உள்நீர் கடல் நீருக்கு நிகரான செறிவை எட்டிவிடுகிறது. தண்ணீர் வெளியே ஓடாது. கடல் நீரைக் குடிக்க வேண்டிய அவசியமும் வாவலுக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. யூரியா தன் புரதங்களைக் கெடுத்துவிடாமல் இருக்க இன்னொரு சேர்மத்தையும் அது வைத்திருக்கிறது. மிகுதி உப்பை வெளியேற்றக் குடலின் கடைசியில் தனிச் சுரப்பி இருக்கிறது. சுறா இறந்து நேரமானால் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். பழைய சுறாவின் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சுறாப்புட்டு செய்ய வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துப் புதிதாகப் பொறுக்குவதற்கு இதுவே காரணம்.

நிலத்துக்கு வந்தால் பிரச்சினை மாறுகிறது. புரதத்தை எரித்தால் நைட்ரஜன் கழிவு மிஞ்சும். அதை அம்மோனியாவாகக் கரைத்துவிட மீனுக்குச் சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது. நாம் அதை யூரியாவாக்கிக் கொஞ்சம் தண்ணீரோடு அனுப்புகிறோம். பறவைகளும் பல்லிகளும் இன்னும் சிக்கனம். மும்பையின் ஜன்னல் கம்பிகளிலும் ஏசி பெட்டிகள் மீதும் புறாக்கள் பூசிவிட்டுப் போகும் வெள்ளை, யூரிக் அமிலம். அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் பசையாகவே வெளியேற்றிவிடலாம். சமையலறைச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தைப் பாருங்கள்: கறுப்புத் துண்டின் ஒரு நுனியில் சிறு வெள்ளைப் பொட்டு. கறுப்பு மலம், வெள்ளை சிறுநீர்க் கழிவு. முட்டைக்குள் அடைபட்டு வளரும் குஞ்சுக்கும் இந்த ஏற்பாடு உயிர்காப்பு. கரையாத கழிவு ஓர் ஓரமாகக் கிடக்கும், குஞ்சை நஞ்சாக்காது.

ஆனால் பறவைகளின் சிறுநீரகத்தால் கடலின் உப்பைச் சமாளிக்க முடியாது. செவ்ரியின் சேற்றுப் பரப்பிலும் தாணே கழிமுகத்திலும் குளிர்காலம் தொடங்கிக் கோடைவரை ஆயிரக்கணக்கான பூநாரைகள் இரை தேடுகின்றன. தாணே கழிமுகம் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. உப்பு நீரில் அலகை வைத்து உண்ணும் அவற்றுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, கெட்டியான உப்பு நீராக மூக்குத் துளை வழியே அது வடித்துவிடும். கடற்பறவைகளின் இந்தச் சுரப்பி என்ன செய்கிறது என்பதை நூட் ஷ்மிட்-நீல்சன் 1950-களின் இறுதியில் கண்டுபிடித்தார். கடல் ஆமைக்கும் இதே ஏற்பாடு, கண்ணருகே. கரையேறி முட்டையிடும் ஆமை அழுவதாகத் தோன்றுவது உப்பு வெளியேறுவதால்தான். வர்சோவா கடற்கரையில் 2018-இல் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போனதை மும்பையே கொண்டாடியது. கண்ணோரச் சுரப்பியோடு பிறந்திருக்காவிட்டால் அவற்றால் கடலில் வாழ முடியாது.

கொசுவையும் விட்டுவிடக் கூடாது. பூச்சிகளுக்குச் சிறுநீரகம் இல்லை; அதே மல்பீஜியின் பெயரால் வழங்கும் நுண்குழல்கள் உண்டு. நம் இரத்தத்தைக் குடிக்கும் பெண் கொசு தன் எடைக்கு மேலேயே குடித்துவிடும். பறக்க வேண்டுமே! குடித்துக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தின் நீரையும் உப்பையும் பின்புறமாகத் துளித்துளியாகக் கழிக்கத் தொடங்கிவிடுகிறது.

பாலூட்டிகளில் ஹென்லே வளைவின் நீளம் அந்த விலங்கு வாழும் இடத்தைச் சொல்லிவிடும். ஆற்றில் வாழும் பீவர் என்ற கொறிவிலங்குக்கு நீண்ட வளைவுகள் இல்லை. அதனால் சிறுநீரை அதிகம் கெட்டியாக்க முடியாது. நமக்கு நெட்டையும் குட்டையும் கலந்திருக்கின்றன. இரத்தத்தைப் போல நான்கு மடங்கு வரை கெட்டியாக்குவோம். வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி நம்மைவிட நான்கு மடங்குக்கு மேல் கெட்டியாக்கும். அது தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதைகளைத் தின்று வாழ்கிறது. விதையை உடலில் எரிக்கும்போது உண்டாகும் நீரே அதற்குப் போதும். நம் நான்கு மடங்கு கடல் நீருக்குப் போதவில்லை. ஒரு லிட்டர் கடல் நீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வேண்டும். குடிக்கக் குடிக்க உடல் வற்றும். மும்பைக் கடலில் நீந்தும் ஓங்கில்களும் (டால்பின்களும்) கடல் நீரை நம்பி வாழ்வதில்லை. மீனின் உடலில் இருக்கும் நீரும் உணவை எரிப்பதால் கிடைக்கும் நீரும்தான் அவற்றுக்குப் பெரும் ஆதாரம்.

அமிலக் கணக்கு, எலும்புக்கான வைட்டமின் டி-யை முழுமையாக்குவது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் ஆகியவையும் சிறுநீரகத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அவை தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை.

மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் கட்டட வேலை செய்யும் நம் ஆட்களுக்கு இந்தப் பாடம் நேரடியாகத் தேவைப்படுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழியும். உடல் குளிராது, நீரும் உப்பும் மட்டும் போகும். எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அன்றன்றைய கழிவைக் கரைத்து அனுப்பச் சிறுநீரகத்துக்கு நாளுக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகிறது என்றால் சிக்கனம் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். மறுபக்கம், மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியேற்ற முடியாது. தலைவலி, குமட்டல், முற்றினால் வலிப்பு வரை போகும். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கின்றன. உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை வற்றிய உடலோடு விழுங்குவதுதான் நான் மிகவும் பயப்படும் பழக்கம். நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொருட்களை அந்த மருந்துகள் தடுத்துவிடுகின்றன.

சிறுநீரகம் செயலிழந்தால் என்ன ஆகிறது என்று டயாலிசிஸ் பிரிவில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும். வந்தவுடன் எடை பார்ப்பார்கள். முடிந்த பிறகும் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம். அது முழுவதும் வெளியேற வழியில்லாமல் தங்கிய தண்ணீர். குடிக்கும் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளக்கிறார்கள். மாட்டுங்காவில் நமக்கெல்லாம் உடம்புக்கு நல்லது என்று வெட்டிக் கொடுக்கும் இளநீரை அவர்கள் தொடக் கூடாது. அதில் பொட்டாசியம் மிகுதி. வெளியேற்ற ஆளில்லாமல் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகக்கூடும். டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-இல் செய்த இயந்திரத்திலிருந்து தொடங்கிய இந்தச் சிகிச்சை எத்தனையோ பேரை வாழவைத்திருக்கிறது. வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரமும் நடக்க வேண்டிய வேலை 12 மணி நேரத்தில் நடக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் உப்பையும் நீரையும் அறிந்து திருத்துவது எந்த இயந்திரத்துக்கும் இன்னும் கைவரவில்லை.

சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் பழுதானாலும் வலி இருக்காது, அறிகுறி தெரியாது. இரண்டில் ஒன்றைத் தானம் செய்தவர்கள் நலமாக வாழ முடிவதும் இந்தக் கூடுதல் திறனால்தான். நோய் மறைந்து வளர்வதும் அதனால்தான். பழுதாக்குவதில் முன்னணியில் நிற்பவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். இவை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட வேண்டும். கிளாமருலஸ் வெளியே விடக் கூடாத புரதம் ஆல்புமின். அது சிறுநீரில் தலைகாட்டத் தொடங்குவது, கிரியேட்டினின் ஏறுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே.